அமெரிக்கக் கால்பந்து: பயிற்சியாளர், பொது மேலாளர் மதிப்பீடு

என்எஃப்எல் எனப்படும் அமெரிக்கத் தேசியக் கால்பந்து லீக்கில் ஓர் அணியின் வெற்றி தோல்விக்கு இருவர் பொறுப்பேற்கிறார்கள். களத்தில் அணியை நடத்துபவர் தலைமைப் பயிற்சியாளர். அந்த அணிக்கு ஆள் தேடிச் சேர்ப்பவர், ஊதியம் பேசுபவர், வேண்டாதவரை விலக்குபவர் பொது மேலாளர். இவர்கள் விட்டுச்சென்ற கணக்கைக் கொண்டு இவர்களின் திறமையை எடைபோடுவது அணி உரிமையாளர்களுக்குத் தொழில், ரசிகர்களுக்குப் பொழுதுபோக்கு, புள்ளியியலாளர்களுக்கு ஆய்வுப்பொருள். உலகம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் வேறு. இங்கே பேசப்படுவது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி, களத்தை யார்டு யார்டாகப் பிடித்து முன்னேறும் அமெரிக்க ஆட்டம்.

1920இல் தொடங்கிய இந்த லீக்கில் இப்போது 32 அணிகள் உள்ளன. 2021 முதல் ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் ஆடுவது வெறும் 17 லீக் ஆட்டங்கள். அதற்கு முன்பு நெடுங்காலம் 16. பேஸ்பால் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டம் ஆடுகிறது. மதிப்பீட்டின் பாதிச் சிக்கல் இந்த ஒப்பீட்டிலேயே இருக்கிறது. 17 ஆட்டங்களில் அதிர்ஷ்டமும் திறமையும் பிரிந்து தெரிவதில்லை.

வெற்றிக் கணக்கு

மிகப் பழைய அளவுகோல் வெற்றி–தோல்வி எண்ணிக்கை. லீக் சுற்றுக்குப் பின் வரும் பிளேஆஃப் ஆட்டங்களையும் சேர்த்து டான் ஷூலா 347 வெற்றிகளுடன் முதலிடத்தில் இருக்கிறார். பில் பெலிசிக் 333, சிகாகோ பேர்ஸ் அணியை உருவாக்கிய ஜார்ஜ் ஹாலஸ் 324. அணியின் கணக்கு எதுவோ அதுவே அணியின் தரம் என்று பயிற்சியாளர் பில் பார்செல்ஸ் சொன்னதாக ஒரு வாசகம் லீக் முழுக்கப் புழங்குகிறது. ஓய்வறையில் ஆட்டக்காரர்களின் சாக்குப்போக்கை அடக்க அது நல்ல வாசகம். மதிப்பீட்டுக்கு உதவாது.

காரணம், தொடக்க ஆண்டுகள் பெரும்பாலும் பொய் சொல்லும். டாலஸ் கௌபாய்ஸின் முதல் பருவமான 1960இல் டாம் லேண்ட்ரி ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு சக் நோல் 1969இல் வந்தபோது 1 வெற்றி, 13 தோல்வி. சான் பிரான்சிஸ்கோவில் பில் வால்ஷின் முதல் ஆண்டு 2 வெற்றி, 14 தோல்வி. பின்னாளில் லேண்ட்ரியின் அணி 20 ஆண்டுகள் தொடர்ந்து தோல்விகளைவிட அதிக வெற்றிகளைக் கண்டது. பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை நோல் நான்கு முறையும் வால்ஷ் மூன்று முறையும் வென்றார்கள். இரண்டாம் ஆண்டிலேயே ஆளை அனுப்பிவிடும் இன்றைய உரிமையாளர் ஒருவரிடம் இவர்கள் மாட்டியிருந்தால் மூவர் பெயரும் நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

தலைகீழாகவும் நடக்கும். சிகாகோவில் மேட் நேகி 2018இல் முதல் பருவத்திலேயே 12–4 என்று முடித்து ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதைப் பெற்றார். அடுத்த மூன்று பருவங்கள் 8–8, 8–8, 6–11. வேலை போயிற்று. எதிர்பாராத நல்ல பருவத்துக்கே பெரும்பாலும் அந்த விருது கிடைக்கிறது. எதிர்பாராதது மறு ஆண்டும் நிகழ்வது அரிது.

புள்ளி வித்தியாசம்

பேஸ்பால் ஆய்வாளர் பில் ஜேம்ஸ் உருவாக்கிய பித்தாகரஸ் எதிர்பார்ப்பு என்ற முறை இங்கும் பயன்படுகிறது. அணி எடுத்த புள்ளிகள், கொடுத்த புள்ளிகள் இரண்டையும் வைத்து அது எத்தனை ஆட்டம் வென்றிருக்க வேண்டும் என்று கணிக்கிறது. 2022 மின்னசோட்டா வைக்கிங்ஸ் இதற்குப் பாடநூல் உதாரணம். புதிய பயிற்சியாளர் கெவின் ஓ'கானலின் கீழ் 13–4 என்று முடித்த அந்த அணி எடுத்தது 424 புள்ளி, கொடுத்தது 427. எட்டு புள்ளிக்குள் முடிந்த 11 லீக் ஆட்டங்களையும் வென்றது. கணிதப்படி அது எட்டு அல்லது ஒன்பது வெற்றிக்குரிய அணி. பிளேஆஃபில் முதல் ஆட்டத்திலேயே நியூயார்க் ஜெயன்ட்ஸிடம் தோற்றது. அடுத்த ஆண்டு 7–10. குவார்ட்டர்பேக் கர்க் கசின்ஸ் அந்த ஆண்டு நடுவில் காயப்பட்டது உண்மைதான். ஆனாலும் சரிவை எண்கள் முன்பே காட்டியிருந்தன. ஓ'கானல் 2024இல் 14–3 என்று மீண்டதையும் சொல்லிவிட வேண்டும். முதல் பருவம் அதிர்ஷ்டம் என்பதால் ஆள் திறமையற்றவர் ஆகிவிடமாட்டார்.

எதிரணியின் தரத்தையும் ஆட்டச் சூழலையும் கணக்கில் சேர்க்கும் டிவிஓஏ போன்ற நுண்ணிய அளவைகள் 2000களில் வந்தன. அவை அணியைத்தான் அளக்கின்றன. அணியில் பயிற்சியாளரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் எண் எதுவும் இல்லை.

குவார்ட்டர்பேக் என்னும் சிக்கல்

பந்தை ஒவ்வொரு முறையும் கையில் வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஒருவரே அணியின் விதியைப் பெருமளவு தீர்மானிக்கிறார். எனவே பயிற்சியாளரின் கணக்கில் குவார்ட்டர்பேக்கின் கணக்கும் கலந்துவிடுகிறது. இந்த விவாதம் எப்போதும் வந்து நிற்குமிடம் பெலிசிக்கும் டாம் பிரேடியும்.

கிளீவ்லாந்தில் 1991 முதல் 1995 வரை பெலிசிக்கின் லீக் கணக்கு 36–44. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸில் முதல் ஆண்டு 5–11. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் எடுக்கும் 2000 டிராஃப்டில் 199ஆவது ஆளாக எடுக்கப்பட்ட பிரேடி 2001இல் களமிறங்கிய பிறகு ஆறு சூப்பர் பௌல் வெற்றிகள். பிரேடி 2020இல் விலகிய பின் நான்கு பருவங்களில் 29–38. இதைப் பார்த்து எல்லாப் பெருமையும் பிரேடிக்கே என்று முடிவுகட்டுவோர் 2008ஐ மறந்துவிடுகிறார்கள். அந்த ஆண்டு முதல் ஆட்டத்திலேயே பிரேடி முழங்காலில் காயப்பட்டு விலகினார். கல்லூரி அணியில்கூட முதல் நிலை குவார்ட்டர்பேக்காக இல்லாத மேட் காசலை வைத்து பெலிசிக் 11 ஆட்டம் வென்றார். இன்னொன்று, பேட்ரியாட்ஸில் ஆள் தேர்வும் பெலிசிக்கின் கையில்தான் இருந்தது. கடைசி நான்காண்டுச் சரிவில் பயிற்சியாளர் பெலிசிக்கைவிட மேலாளர் பெலிசிக்குக்கே பெரிய பங்கு உண்டு என்பது இக்கட்டுரையின் கருத்து.

குவார்ட்டர்பேக் மாறியும் வெற்றி மாறாத பயிற்சியாளர்கள்தான் இந்தச் சோதனையில் தேறுகிறவர்கள். வாஷிங்டனின் ஜோ கிப்ஸ் மூன்று சூப்பர் பௌல்களை தைஸ்மன், வில்லியம்ஸ், ரிப்பியன் என மூன்று வெவ்வேறு குவார்ட்டர்பேக்குகளோடு வென்றார். ஷூலா இன்னும் சுவையான வழக்கு. 1972இல் மயாமி டால்ஃபின்ஸ் 17 ஆட்டங்களையும் வென்ற பருவத்தில் குவார்ட்டர்பேக் பாப் கிரீசி கால் முறிந்து விலகினார். லீக் சுற்றில் பெரும்பகுதியை நடத்தியது 38 வயது மாற்று ஆட்டக்காரர் ஏர்ல் மோரல். அதே ஷூலா, பேராற்றல் கொண்ட டான் மரீனோவை 1983 முதல் வைத்திருந்தும் ஒரு சூப்பர் பௌலும் வெல்லவில்லை.

பொது மேலாளரின் கணக்கு

சமைக்கச் சொல்கிறவர்கள் மளிகை வாங்கவாவது விட வேண்டும் என்று 1997இல் பேட்ரியாட்ஸை விட்டுப் போகும்போது பார்செல்ஸ் முறையிட்டார். பயிற்சியாளருக்கும் மேலாளருக்கும் இடையிலான பழைய பூசல் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. மேலாளரின் தரப்பிலும் நியாயம் உண்டு: பயிற்சியாளருக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்தான் கண்ணில் படும், மேலாளர் மூன்றாண்டுக்குப் பிறகான அணியை நினைக்க வேண்டும்.

மேலாளரை அளக்கும் முதல் கருவி டிராஃப்ட். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் இந்த ஆண்டு நிகழ்வில், முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. ஸ்டீலர்ஸ் 1974இல் ஒரே டிராஃப்டில் எடுத்தவர்களில் ஸ்வான், லாம்பர்ட், ஸ்டால்வொர்த், வெப்ஸ்டர் ஆகிய நால்வர் புகழ்மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார்கள். அது மறுபடி நடக்கவில்லை. பொருளியலாளர்கள் கேட் மேஸியும் ரிச்சர்ட் தேலரும் செய்த ஆய்வு, ஒரே நிலையில் ஆடும் இருவரில் முன்னதாக எடுக்கப்பட்டவர் அடுத்தவரைவிடச் சிறந்து விளங்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்றே மேல் என்று கண்டது. அதாவது, யாரை எடுப்பது என்பதில் எல்லா மேலாளர்களும் ஏறக்குறையச் சூதாடுகிறார்கள். வாய்ப்புகளை அதிகம் சேர்ப்பவரே முந்துகிறார்.

1994இல் வந்த ஊதிய உச்சவரம்பு இன்னொரு கருவி. அப்போது அணிக்கு 3.46 கோடி டாலர், 2025இல் 27.92 கோடி. எல்லோருக்கும் ஒரே வரம்பு என்பதால் யார் காசை வீணாக்கினார்கள் என்று பார்ப்பது எளிதாயிற்று. 2011 ஒப்பந்தம் புதுமுகங்களின் ஊதியத்தைக் கடுமையாகக் குறைத்த பிறகு, நல்ல இளம் குவார்ட்டர்பேக் மலிவாகக் கிடைக்கும் நான்கைந்து ஆண்டுகளே ஓர் அணியின் பொற்காலம் என்றாகிவிட்டது.

டோர்சியும் பிரவுனும்

மேலாளர் விதைப்பதற்கும் அறுப்பதற்கும் இடையே ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. அதற்குள் நாற்காலியில் வேறொருவர் இருப்பார். ஜான் டோர்சி, சாஷி பிரவுன் இருவரின் கதையைவிட இதை நன்றாகக் காட்டும் வழக்கு இல்லை.

டோர்சி 2013இல் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸின் பொது மேலாளரானார். முந்தைய ஆண்டு 2–14 என்றிருந்த அணி, பிலடெல்பியாவிலிருந்து நீக்கப்பட்டு வந்த பயிற்சியாளர் ஆண்டி ரீடின் கீழ் 11–5 ஆயிற்று. டிராவிஸ் கெல்சி, டைரீக் ஹில், கிறிஸ் ஜோன்ஸ் ஆகியோர் டோர்சி காலத்துத் தேர்வுகள். 2017 ஏப்ரலில் பஃபலோவுடன் பேரம் பேசி 27ஆம் இடத்திலிருந்து 10ஆம் இடத்துக்கு ஏறி குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தார். இரண்டே மாதத்தில் அவரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். அடுத்து வந்த பிரெட் வீச், மஹோம்ஸை முதலில் அடையாளம் கண்டு வற்புறுத்தியவர் என்று பெயர்பெற்றவர். 2019, 2022, 2023 பருவங்களின் சூப்பர் பௌல் கோப்பைகள் வீச்சின் கணக்கில் இருக்கின்றன. அவருக்கும் அதில் உரிமை உண்டு. அவருக்கு மட்டுமே உரிமை என்பது தவறு.

அதே காலத்தில் கிளீவ்லாந்து பிரவுன்ஸில் சாஷி பிரவுன் வேறொரு பரிசோதனை நடத்தினார். வழக்கறிஞரான அவர் உடனடி வெற்றியைக் கைவிட்டு, வருங்கால டிராஃப்ட் வாய்ப்புகளைக் குவித்தார். 2016இல் இரண்டாம் இடத்தையும், 2017இல் 12ஆம் இடத்தையும் விற்றார். அந்த இடங்களில் மற்ற அணிகள் எடுத்தவர்கள் கார்சன் வென்ட்ஸும் டெஷான் வாட்சனும். இருவரும் குவார்ட்டர்பேக்குகள் என்பதால் கேலி பலமாக இருந்தது. அவர் பொறுப்பில் அணி 1–27. 2017 டிசம்பரில் நீக்கப்பட்டார். வந்தவர் டோர்சி.

இப்போது டோர்சி வாரிசு. 2018 டிராஃப்டில் அவர் நான்காவதாக எடுத்த டென்சல் வார்ட், 35ஆவதாக எடுத்த நிக் சப் இருவரும் பிரவுன் பேரம்பேசி வாங்கிவைத்த இடங்களில் வந்தவர்கள். முதலிடத்தில் எடுத்த பேக்கர் மேஃபீல்டும் 0–16 என்ற அவமானப் பருவத்தின் பரிசு. டோர்சியும் 2019 முடிவில் போனார். பிரவுனிடம் பணியாற்றிய ஆண்ட்ரூ பெரி மேலாளராகி வந்த 2020இல்தான் அணி 11–5 என்று முடித்து, 2002க்குப் பிறகு முதல்முறையாக பிளேஆஃபை எட்டி, பிட்ஸ்பர்க் மண்ணிலேயே ஸ்டீலர்ஸை வீழ்த்தியது. வெற்றிக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு பிரவுன் லீக்கின் மிக மோசமான நிர்வாகிகளில் ஒருவர். அப்படிச் சொல்வது அநியாயம். ஆனால் 1–27 என்பதும் திட்டத்தின் பகுதி என்று முழுதும் மன்னித்துவிடவும் முடியாது. குவார்ட்டர்பேக் இல்லாமல் இரண்டு ஆண்டு கழித்தது அவருடைய முடிவே.

பயிற்சியாளர்களிலும் இத்தகைய வாரிசுரிமை உண்டு. டேம்பா பேவை ஆறு ஆண்டுகள் செதுக்கிய டோனி டஞ்சியை 2001 பருவ முடிவில் நீக்கிவிட்டு, நான்கு டிராஃப்ட் வாய்ப்புகளும் 80 லட்சம் டாலரும் கொடுத்து ஜான் குரூடனை ஓக்லாந்திலிருந்து வாங்கினார்கள். முதல் ஆண்டிலேயே குரூடன் சூப்பர் பௌல் வென்றார். தோற்கடித்தது தம் பழைய அணியையே. வென்றது டஞ்சியின் தற்காப்பு. முடிக்கத் தெரிந்தவர் குரூடன்.

இந்தக் குழப்பத்திலிருந்து தப்ப ஒரு நம்பகமான வழி, ஒருவர் பல ஊர்களில் செய்ததைப் பார்ப்பது. மேலாளர் பில் போலியன் பஃபலோ, கரோலினா, இண்டியானாபொலிஸ் என மூன்று இடங்களிலும் அணி கட்டினார். சிலரின் கணக்குக்கு அந்தச் சிரமமும் தேவையில்லை: டெட்ராய்ட்டில் மேலாளர் மேட் மில்லன் பொறுப்பில் 31–84.

முடிவும் விளைவும்

முடிவு சரியாக இருந்தும் விளைவு தவறிப்போகலாம். 2009 நவம்பர் 15. இண்டியானாபொலிஸில் பேட்ரியாட்ஸ் 34–28 என முன்னணியில். இரண்டு நிமிடம் மீதி. தம் அணியின் 28 யார்டு கோட்டில், நான்காவது, அதாவது கடைசி, முயற்சியில் இரண்டு யார்டு தேவை. எல்லோரும் பந்தை உதைத்துத் தள்ளும் இடத்தில் பெலிசிக் முயன்று பார்த்தார். சற்றே குறைந்துபோயிற்று. எதிரணியின் குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங் மீதி யார்டுகளைக் கடந்து 35–34 என்று வென்றார். மறுநாள் பெலிசிக்கைத் திட்டாதவர் குறைவு. ஆனால் நான்காவது முயற்சியில் அணிகள் அளவுக்குமீறி அஞ்சுகின்றன என்று பொருளியலாளர் டேவிட் ரோமர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே காட்டியிருந்தார். அன்றைய வெற்றி வாய்ப்புக் கணக்குகள் பலவும் பெலிசிக்கின் பக்கமே நின்றன. இன்று அந்த வகை முயற்சி லீக்கில் சாதாரணம்.

பிளேஆஃபும் கேன்டனும்

ஒரே ஆட்டத்தில் வெளியேறும் முறை என்பதால் பிளேஆஃப் கணக்கே மிகச் சிறிய மாதிரி. இருந்தும் பொது நினைவில் அதற்கே எடை அதிகம். ஓஹையோ மாநிலம் கேன்டனில் உள்ள ஹால் ஆஃப் ஃபேம் சில சமயம் பெருந்தன்மை காட்டியிருக்கிறது: தலா நான்கு சூப்பர் பௌல்களில் தோற்ற பட் கிராண்ட் 1994இலும் மார்வ் லெவி 2001இலும் சேர்க்கப்பட்டார்கள். 1998இல் ரயன் லீஃப் என்ற பெருந்தோல்வியைத் தேர்ந்தெடுத்த மேலாளர் பாபி பெத்தர்டும், வாஷிங்டனில் செய்தவற்றுக்காக 2018இல் நுழைந்தார்.

மார்ட்டி ஷாட்டன்ஹைமருக்கு அந்தப் பெருந்தன்மை கிடைக்கவில்லை. பிளேஆஃபில் அவர் கணக்கு 5–13. 2006இல் சான் டியாகோ சார்ஜர்ஸை 14–2க்கு நடத்திச் சென்றார். பேட்ரியாட்ஸுடனான பிளேஆஃபில், எட்டு புள்ளி முன்னணியில் இருக்கையில், சார்ஜர்ஸின் மார்லன் மெக்ரீ பிரேடியின் பந்தைப் பிடித்தார். அப்படியே தரையில் விழுந்திருந்தால் போதும். ஓடினார், பந்து பறிபோயிற்று, அணி 24–21 என்று தோற்றது. மேலாளர் ஏ. ஜே. ஸ்மித்தோடு இருந்த பிணக்கும் சேர, அடுத்த மாதம் ஷாட்டன்ஹைமரை நீக்கினார்கள். 200 லீக் வெற்றிகள் பெற்ற அவர் 2021இல் காலமானார். 2025 வரை கேன்டனில் சேர்க்கப்பட்டவர்களில் அவர் இல்லை.