ஒளியால் ஒரு பிரிப்பு, தடையால் ஒரு பிரிப்பு

செண்பகத்தோப்பு ஓடைக்கரையில் இலைகளை மட்கவைக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஆய்வகத் தட்டில் வளர்வதில்லை. எந்தச் செல் நல்ல நொதியைச் சுரக்கிறது என்று பார்க்க, ஒவ்வொன்றையும் எண்ணெயில் மிதக்கும் ஒரு நுண்ணிய நீர்த்துளிக்குள் அடைக்கலாம். அடைத்தபின் வேண்டிய துளியை எப்படிப் பிரிப்பது? இதற்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று, 2009இல் பாரே, கிரிஃபித்ஸ் குழுவினர் வெளியிட்டது. மற்றது, 2015இல் சென்னை ஐஐடியில் சஜீஷ், அஷிஸ் குமார் சென் குழுவினர் வெளியிட்டது.

முதலாவதில், நொதி வேலை செய்தால் ஒளிரும் வேதிப்பொருளும் துளிக்குள் இருக்கும். லேசர் பட்டுத் துளி ஒளிர்ந்ததும் மின்முனைகள் உயிர்பெற்று அதைத் தனிக் கால்வாய்க்கு இழுக்கும். ஒளிராதது தடை குறைந்த கால்வாயில் தானாகப் போய்விடும். நொடிக்கு 2,000 துளிகள் வரை பிரிக்கலாம். வேகத்தை 300 ஆகக் குறைத்தால் தவறான தேர்வு 10,000இல் ஒன்றுக்கும் கீழ். இந்தத் துல்லியம் ஆடம்பரமல்ல. ஒரே துளியில் இரண்டு செல்கள் சிக்காதிருக்கக் கரைசலை நன்றாக நீர்க்க வைப்பார்கள். பத்துத் துளிக்குச் சராசரியாக ஒரு செல் என்று வைத்தால், நூற்றில் சுமார் 90 துளிகள் வெறுமையாகவே இருக்கும்; தேர்வு தவறினால் வெறுந்துளிகளே சேர்ந்துவிடும்.

சென்னைக் கருவியில் துளியைப் பிரிக்க லேசரும் மின்புலமும் வேண்டாம். உறைபோல் உடன் ஓடும் திரவம் துளிகளை ஒரு சுவரோரம் ஒற்றை வரிசையாக ஒதுக்கி, இடைவெளி விட்டு அனுப்புகிறது. குறுகிய கால்வாயில் துளி நுழைந்ததும் ஓட்டம் தடைபடும். வயல் வாய்க்காலில் அடைப்பு விழுந்தால் தண்ணீர் பக்கத்து மடைக்குத் திரும்புமே, அப்படித் திரவம் பக்கவழிக்குத் திரும்ப, இரு கிளைகளுக்கு இடையிலான ஓட்ட எல்லை நகர்கிறது. கூடுதலாகத் தடுக்கும் பெரியது ஒரு கிளைக்கும் சிறியது மறுகிளைக்கும் போகும். 10, 15 மைக்ரோமீட்டர் துளிகளையும், 11, 19 மைக்ரோமீட்டர் அளவுள்ள ரத்தப் புற்றுச் செல்களையும் இப்படிப் பிரித்திருக்கிறார்கள். என்னை அசத்தியது வேறொரு சோதனை: 10 மைக்ரோமீட்டர் துளியும் அதே அளவு பாலிஸ்டைரீன் மணியும் விறைப்பு வேறுபாட்டால் மட்டுமே பிரிந்தன.

ஆனால் ஓடைக்கரை பாக்டீரியாவுக்குச் சென்னைக் கருவி உதவாது. ஓரிரு மைக்ரோமீட்டர் உடல், தன்னைச் சுற்றியுள்ள துளியின் அளவையோ விறைப்பையோ மாற்றாது. அங்கே ஒளிதான் வழி. அதிலும் ஒளிரும் பொருள் எண்ணெய் வழியே கசிந்தால் வெறுந்துளியும் ஒளிர்ந்து ஏமாற்றும்.

வெள்ளையணுக்களிடையே பெரிய புற்றுச் செல்லைத் தேடுவதென்றால் நான் சென்னை வழியைத்தான் எடுப்பேன். செல்லுக்குச் சாயம் ஏற்ற வேண்டாம். லேசர் வாங்க முடியாத மாவட்ட மருத்துவமனை ஆய்வகத்துக்கும் அந்த வழி ஒருநாள் எட்டும்.