கிளிஃப்ளோசின் மருந்துகளும் தொற்றுகளும்

கிளிஃப்ளோசின்கள் என்பன இரண்டாம் வகை நீரிழிவு நோய்க்கு மாத்திரையாக வழங்கப்படும் ஒரு மருந்துக் குடும்பம் ஆகும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் ஆகியன இவற்றுள் அடங்கும். இதயச் செயலிழப்பு, நாட்பட்ட சிறுநீரக நோய் ஆகியவற்றிலும் பயன் தருவதால் இவற்றுட் சில நீரிழிவு இல்லாதோருக்கும் பரிந்துரைக்கப்படுகின்றன. பிறப்புறுப்பில் தோன்றும் பூஞ்சைத் தொற்று இவற்றின் மிகப் பொதுவான பக்க விளைவுகளுள் ஒன்றாகும்.

காரணம்

நலமான சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 கிராம் குளுக்கோசை வடிகட்டி, அதனை முழுவதுமாகக் குருதிக்கு மீட்டுவிடுகின்றன. இம்மீட்பின் பெரும்பகுதியைச் செய்வது எஸ்.ஜி.எல்.டி.2 என்னும் புரதம். கிளிஃப்ளோசின்கள் அப்புரதத்தைத் தடுப்பதால் நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரையான குளுக்கோசு சிறுநீருடன் வெளியேறுகிறது. குருதியில் சர்க்கரை குறைவது இதனால்தான். ஈரமான தோல் மடிப்புகளில் கேண்டிடா என்னும் பூஞ்சை செழிப்பதும் இதனால்தான்.

பூஞ்சைத் தொற்று

மருத்துவ ஆய்வுகளில் பெண்களில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காட்டினருக்கும், ஆண்களில் அதனினும் குறைவானோருக்கும் இத்தொற்று காணப்பட்டது. முன்னரே இத்தொற்று வந்தவர்களுக்கும் முன்தோல் நீக்கப்படாத ஆண்களுக்கும் வாய்ப்பு கூடுதல். அரிப்பு, எரிச்சல், சிவத்தல், பெண்களில் திரிந்த பால் போன்ற வெள்ளைப்படுதல் ஆகியன அறிகுறிகள். பெரும்பாலானவை குளோட்ரிமசோல் களிம்பாலோ 150 மில்லிகிராம் ஃபுளுகோனசோல் ஒரு வேளை உட்கொள்வதாலோ குணமாகும். நீரிழிவு மருந்தை நிறுத்த வேண்டிய தேவை பொதுவாக எழுவதில்லை. ஆயினும் கிளிமெபிரைடு போன்ற மருந்துகளை உடன் உட்கொள்பவருக்கு ஃபுளுகோனசோல் சர்க்கரையை மிகையாகத் தாழ்த்திவிடக்கூடும் என்பதால் அதனைத் தாமாக வாங்கி உண்ணலாகாது. அப்பகுதியை நீரால் கழுவி ஈரம் போகத் துடைப்பது உதவும்.

கூச்சத்தால் மருத்துவரிடம் சொல்லாமல் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவோர் உண்டு. இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ அதனை உட்கொள்பவர் இதனால் அந்தப் பாதுகாப்பையும் இழக்கிறார். மருந்தைத் தொடங்கும் நாளிலேயே மருத்துவர் இதைப் பற்றிக் கூறிவிடுதல் நன்று.

கடுமையான தொற்றுகள்

சிறுநீர்ப் பாதைத் தொற்று இம்மருந்துகளால் பெரிதும் கூடுவதாகப் பேராய்வுகள் காட்டவில்லை. எனினும் சிறுநீரகத்துக்கும் குருதிக்கும் பரவிய தொற்றுகள் குறித்து ஐக்கிய அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2015 டிசம்பரில் எச்சரித்தது. குளிர்காய்ச்சலும் விலாவின் பின்புற வலியும் இதற்கு அறிகுறிகள்.

ஃபோர்னியர் அழுகல் மிக அரிது. ஆனால் உயிருக்கு ஊறு விளைப்பது. பிறப்புறுப்புக்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட பகுதியின் திசுக்களை நுண்ணுயிர்கள் விரைந்து அழிக்கும் இந்நோய், பாரிசு மருத்துவர் சான் ஆல்ஃபிரெட் ஃபோர்னியரின் பெயரால் வழங்குகிறது. 2013 மார்ச்சு முதல் 2018 மே வரை இம்மருந்துகளை உட்கொண்டோரில் 12 பேருக்கு இது நேர்ந்ததாக மேற்படி நிர்வாகம் 2018 ஆகத்தில் அறிவித்தது. அவர்களுள் ஐவர் பெண்கள், ஒருவர் இறந்தார். அப்பகுதியில் வலி, வீக்கம், சிவப்பு ஆகியவற்றுடன் காய்ச்சலோ கடும் சோர்வோ காணப்பட்டால் களிம்பு தடவிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மருந்தை நிறுத்தி, நுண்ணுயிர் எதிர்ப்பிகளை வழங்கி, அழுகிய திசுவை அறுவை மூலம் அகற்றுவர்.

நோயுற்ற நாட்களில்

எத்தொற்றாயினும் கடுங்காய்ச்சல், வாந்தி, உணவு உட்கொள்ள இயலாமை ஆகியன நேர்ந்தால் கிளிஃப்ளோசினைத் தற்காலிகமாக நிறுத்துவது வழக்கம். இல்லையேல் குருதிச் சர்க்கரை அதிகம் உயராமலேயே கீட்டோன் அமிலத்துவம் தோன்றக்கூடும்; சர்க்கரை அளவை மட்டும் நோக்குபவர் இதனைத் தவறவிடுவர். இன்சுலின் போட்டுக்கொள்பவர் அதனை நிறுத்தலாகாது. உடல் தேறி, வழக்கம்போல் உண்ணத் தொடங்கிய பின்னர் மருத்துவரின் அறிவுரைப்படி மாத்திரையை மீண்டும் தொடங்கலாம்.