மலையை விட்டு இறங்கிய பெயர்

ஹப்புத்தளையிலிருந்து தம்பேதென்ன ஸ்டோருக்குப் போகிற பாதையில் எந்த நாளும் வெளிநாட்டுப் பயணிகளைக் காணலாம். ஸ்டோரைப் பார்த்துவிட்டு மேலே லிப்டன் சீட் வரை ஏறுவார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் தோமஸ் லிப்டனின் சிலைக்குப் பக்கத்தில் தாங்களும் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். தேடி வந்தது பெயரை. கண்ணில் படுவது கொழுந்து மலை. ஒரு காலத்தில் இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன.

1869இல் இலங்கையில் காணப்பட்ட இலைநோய் அடுத்த சில ஆண்டுகளில் கோப்பியை அழித்தது. கடனில் மூழ்கிய தோட்டங்கள் மலிவாகக் கைமாறின. கிளாஸ்கோவில் பலசரக்குக் கடைகள் நடத்திய லிப்டன் 1890இல் இங்கு வந்து, தம்பேதென்ன உட்பட ஊவாவில் பல தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பானைக்கு என்ற பொருளில் விளம்பரம் செய்தார். உண்மையில் அவர் விற்ற தேயிலையில் பெரும்பங்கு பிறர் தோட்டங்களில் விளைந்தது. ஆனால் பக்கெட்டை வாங்கிய சீமைக் குடும்பத்துக்கு இந்த மலை முழுவதும் அவருடையதுதான். காணி, ஸ்டோர், இயந்திரம் எல்லாவற்றுக்கும் கணக்குப் புத்தகத்தில் வரி இருக்கும். பக்கெட்டைப் பார்த்ததும் அந்தக் குடும்பம் கையை நீட்டுகிறதே, அதற்கு?

அதற்கு வைத்த பெயர்தான் 'குட்வில்'. நம் பாடப்புத்தகங்களில் நன்மதிப்பு. 1571இல் எழுதிய ஓர் ஆங்கில உயிலில் ஒருவர் தன் கல்குவாரியின் உரிமையோடு அதன் குட்வில்லையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார். 1810இல் வழக்கு மன்றத்துக்கு வந்தது ஒரு வண்டிக்காரர் விவகாரம். கடனில் நொடித்தவரின் சரக்கு வண்டித் தொழிலை இன்னொருவர் வாங்கினார். நொடித்தவரோ அதே தொழிலை மறுபடி தொடங்கிவிட்டார். வாங்கியவர் உண்மையில் எதை வாங்கினார்? பழைய வாடிக்கையாளர் பழைய இடத்துக்கே வருவார்கள் என்ற வாய்ப்பைத்தான், அதற்கு மேல் எதுவும் இல்லை என்றார் நீதிபதி எல்டன் பிரபு. 1901இல் மாஜரின் கம்பனி ஒன்றின் வரி வழக்கில் மக்நாட்டன் பிரபு அதை வாடிக்கையை இழுத்து வரும் சக்தி என்று விளக்கினார். தொண்ணூறு ஆண்டுகளில் விளக்கத்திலிருந்து இடம் கழன்றுவிட்டதைக் கவனியுங்கள்.

கணக்காளர் செய்வது வேறு. அவர் விளக்குவதில்லை, கழிக்கிறார். பதுளை டவுனில் ஒரு பேக்கரி விற்பனைக்கு வருகிறது என்று வையுங்கள். அடுப்பு, ராக்கை, மாவு எல்லாம் சேர்த்து, கடனைக் கழித்தால் 40 இலட்சம். வாங்குபவர் 55 இலட்சம் கொடுக்கிறார். அந்த 15 இலட்சத்தில் பதிவு செய்த வியாபாரப் பெயர் போலத் தனியாகச் சுட்டக்கூடிய அருவச் சொத்து இருந்தால் முதலில் அதைப் பிரித்தெடுக்க வேண்டும். பிறகும் மிஞ்சுவது நன்மதிப்பு. விற்காமலே இருந்தால்? முப்பது வருடம் நல்ல பாண் போட்டிருந்தாலும் ஐந்தொகையில் ஒரு சதம் ஏறாது. தானாக வளர்த்த நன்மதிப்பை எழுதக் கூடாது என்பது விதி. வாங்கியவர் எழுதலாம், வளர்த்தவர் எழுதக் கூடாது. வளர்த்ததற்கு விலை யாரும் கொடுக்கவில்லையே என்று காரணம் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளலாம், வயிற்றெரிச்சல் என்னவோ போகாது.

எழுதிய நன்மதிப்பை எப்படித் தேய்ப்பது என்பதிலும் நெடுங்காலச் சண்டை. 1970இல் அமெரிக்க விதி 40 ஆண்டுகளுக்குள் தேய்த்துவிடச் சொன்னது. 2001இல் அதைக் கைவிட்டு, பெறுமதி குன்றியதா என்று வருடா வருடம் சோதித்தால் போதும் என்றார்கள். சர்வதேச நியமங்களும் அதே வழிக்கு வந்தன. அவற்றைத் தழுவிய நியமங்கள் இலங்கையில் 2012இல் நடைமுறைக்கு வந்தன.

மலைக்குத் திரும்புவோம். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது. மண் போனது, பெயர் போகவில்லை. அது ஏற்கெனவே யூனிலீவர் கைக்குச் சேர்ந்திருந்தது. 2021 நவம்பரில் யூனிலீவர் தன் தேயிலை வியாபாரத்தின் பெரும்பகுதியை 450 கோடி யூரோவுக்கு விற்பதாக அறிவித்தது. அந்த விலையில் கென்யத் தோட்டங்கள் அடக்கம். ஹப்புத்தளையின் ஒரு தேயிலைச் செடிகூட அதில் இல்லை. வாங்கியவர்கள் நிறுவனத்துக்கு லிப்டன் பெயரையே வைத்தார்கள். பிறகு 2024இல் கிழக்கு ஆபிரிக்கத் தோட்டங்களையும் விற்பதாக அறிவித்தார்கள். அவற்றை வாங்க முன்வந்தது ஓர் இலங்கைக் கம்பனி!

இங்கே தங்கிய மலைக்கும் ஐந்தொகையில் வேடிக்கையான இடம்தான். 1992இல் அரசு தோட்டங்களைக் கம்பனிகளிடம் ஒப்படைத்தபோது காணியை விற்கவில்லை, 2045 வரை 53 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது. ஆகவே காணி கம்பனியின் சொத்தல்ல. காணியைப் பாவிக்கும் உரிமைதான் சொத்து. அந்த உரிமையைத்தான் கம்பனி கணக்கில் ஏற்றி, வருடா வருடம் தேய்த்து எழுதிவருகிறது. காலால் மிதித்து நடக்கிற மலை புத்தகத்தில் ஓர் உரிமையாக மட்டும் இருக்கிறது. ஓகஸ்ட் மாதக் கச்சான் காற்றில் ஊவாத் தேயிலைக்கு ஏறுகிற அந்த வாசத்துக்கு ஏலத்தில் விலை உண்டு, ஐந்தொகையில் வரி இல்லை.

ஆட்களுக்கு மட்டும் ஒரு காலத்தில் வரி இருந்தது. தமிழ்நாட்டுக் கரையைத் துரைமார் 'கோஸ்ட்' என்பார்கள். அங்கிருந்து ஆள் கொண்டுவரக் கங்காணிக்குக் கொடுத்த முன்பணம் 'கோஸ்ட் அட்வான்ஸ்' என்று தோட்டக் கணக்கில் சொத்தாக நின்றது. ஆட்களின் தலையில் அது கடன். கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் துரை ஒரு 'துண்டு' எழுதிக் கொடுப்பார்: இத்தனை ரூபாய் கடனைக் கட்டினால் இவர்களை விடுகிறேன். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். ஆள் தட்டுப்பாடு வந்தபோது துண்டின் தொகையும் ஏறியது. கணக்காளர் கண்ணில் இது கையகப்படுத்தல்தான், ஆளுக்கு இவ்வளவு என்று விலையும் எழுதியிருந்த கையகப்படுத்தல்.

1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. லயத்திலிருந்தவர்களுக்கு அது விடுதலை. இன்று ஒரு கம்பனி இன்னொன்றை வாங்கும்போது, பழகிய தொழிலாளர் படையைத் தனிச் சொத்தாகக் காட்டக் கூடாது என்கிறது நியமம். ஆட்களை யாரும் உடைமையாக வைத்திருக்க முடியாதே. ஆனால் எந்த மலையில் எப்போது கவ்வாத்து வெட்டுவது, எந்தக் கொழுந்தைக் கிள்ளுவது, எதை விடுவது என்று அந்தக் கைகளுக்குத் தெரிந்திருப்பதற்கும் சேர்த்தே வாங்குபவர் விலை கொடுக்கிறார். அந்தத் தொகையை எங்கே போடுவது என்பதையும் நியமம் சொல்லியிருக்கிறது: நன்மதிப்புக்குள்.