விசும்பல்



அழுகையைக் குறிக்கத் தமிழில் எத்தனை சொற்கள் உள்ளன என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? கதறல், அலறல், ஓலம், புலம்பல், ஒப்பாரி ஆகியவை ஊரார் காதில் விழும் அழுகைகள். விம்மல், தேம்பல், விசும்பல் ஆகியவை அடங்கிய அழுகைகள். பின்னைய மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அவற்றினிடையே வேறுபாடு உண்டு. விம்முதல் என்பதற்குப் பருத்தல், பூரித்தல் என்ற பொருளும் உண்டு. துக்கம் நெஞ்சை நிரப்பி மேலே தள்ளும்போது விம்முகிறோம். தேம்புதல் என்பதற்கு வாடுதல் என்றும் பொருள்; அழுது ஓய்ந்த குழந்தையின் தேம்பலில் அந்த வாட்டத்தைக் காண்கிறோம். விசும்புகிறவரோ, சத்தத்தைத் தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டு, மூச்சு விட்டுவிட்டு இழுபட அழுகிறார். அடுத்த அறையில் இருப்பவர் உற்றுக் கேட்டால் மாத்திரமே அது தெரியும். பழந்தமிழில் விசும்பு என்றால் ஆகாயம். இவ்விரண்டுக்கும் உறவு கற்பித்து அழகாகப் பிரசங்கிக்கலாம். ஆனால் எழுத்து ஒத்திருப்பதை மட்டும் ஆதாரமாகக் கொண்டு அப்படிச் செய்ய எனக்கு மனமில்லை.

இச்சொல்லை இந்த வாரத் தியானத்திற்கு எடுத்துக்கொண்டதற்கு நம்முடைய மலையின் சரித்திரமே காரணம். நம் சபைக் குடும்பங்களில் பலவற்றின் வேர் இலங்கை மலையகத்தில் இருக்கிறது என்பதை அறிவீர்கள். 1948ஆம் ஆண்டின் சிலோன் குடியுரிமைச் சட்டம் அங்கே தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளியினரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஏறக்குறைய 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. சொத்தைப் பங்கிடுவதுபோல மனுஷரைப் பங்கிட்ட கணக்கு இது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியக் குடியுரிமையும் தம்பிக்கு இலங்கைக் குடியுரிமையும் கிடைத்ததுண்டு.

இலங்கையில் ரயிலைக் கோச்சி என்பார்கள். ஹட்டன் போன்ற மலையக நிலையங்களிலிருந்து தலைமன்னார்த் துறைக்கு இந்த மக்களை ஏற்றிச்சென்ற ரயிலுக்கு அவர்களே வைத்த பெயர் ‘அழுகைக் கோச்சி’. ஏறினவர்களும் நின்றவர்களும் கதறினார்கள். ரயில் நகர்ந்த பின்பும் ஜன்னல் வழியாக நீட்டிய கையை விடாதிருந்தார்கள். உயிரோடிருப்பவர்களுக்காக மேடையில் ஒப்பாரி எழுந்தது. பின்பு இராமானுஜம் என்னும் கப்பல் அவர்களை இராமேசுவரத்தில் இறக்கிற்று. அங்கிருந்து மண்டபம் முகாம். சிலோனுக்குப் போன தொழிலாளரை முன்னாட்களில் தங்கவைத்து நோய்ப் பரிசோதனை செய்த இடமும் அந்த மண்டபமே. பாட்டன் போன வழியாகவே பேரன் வந்து சேர்ந்தான்.

அரசாங்கக் காகிதங்களில் இவர்களுக்குத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர். பெரும்பாலோர் இந்த மண்ணை அதற்குமுன் கண்டதேயில்லை. அக்கம்பக்கத்தார் அவர்களைச் சிலோன்காரர் என்றே அழைத்தார்கள். இவர்களுக்கு வாழ்வளிக்கும்படி 1968இல் தமிழக அரசு வனத்துறையின் மூலம் நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கிற்று; அதுவே பின்னர் டான்டீ ஆயிற்று. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் வரிசை வீடுகள் எழும்பின.

அந்த வீடுகளில் வாழ்ந்து முதிர்ந்த தாய்மார் பலரிடம் நான் கேட்டறிந்த ஒரு காரியம் உண்டு. கோச்சியில் கதறினவர்கள் இங்கே வந்தபின் கதறவில்லை. இரவில் பிள்ளைகள் உறங்கியபின் விசும்பினார்கள். ஏன் என்று பலநாள் யோசித்திருக்கிறேன். ஒப்பாரியைத் தனியே வைக்க முடியாது. ஒருத்தி ஒப்புச் சொல்ல, மற்றவர்கள் தோளைக் கட்டிக்கொண்டு ஏற்றுச் சொல்லவேண்டும். இறந்தவரை அறிந்த பெண்கள் சூழ இருக்கவேண்டும். அந்தப் பெண்களோ கடலுக்கு அப்பால் நின்றுவிட்டார்கள். அங்கே தகப்பன் மரித்த செய்தி அடக்கம் முடிந்து பல நாட்களுக்குப்பின் கடிதத்தில் வந்தது. 1980களில் இனப்போர் மூண்டபின் கப்பல் போக்குவரத்தும் நின்றுபோயிற்று. சடலமும் உறவும் இல்லாத வீட்டில், மறுநாள் காலை கொழுந்தெடுக்கப் போகவேண்டியவள், ஒற்றைச் சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் உறங்குகையில் வேறு எப்படி அழுவாள்?

யோவான் 11ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பெத்தானியாவில் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் மரியாளும் யூதரும் அழுததைச் சொல்லும் 33ஆம் வசனத்தில், கிரேக்க மூலம் க்ளயோ என்னும் வினையைப் பயன்படுத்துகிறது. அது துக்கவீட்டில் வாய்விட்டு அழும் அழுகைக்கு வழங்கும் சொல். இரண்டு வசனங்கள் கழித்து இயேசுவைப்பற்றிச் சொல்லும்போது சொல் மாறுகிறது. அங்கே வருவது தக்ரூவோ. கண்ணீர் சிந்துதல் என்பது அதன் பொருள். புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்த வினை வருவது இந்த ஓரிடத்தில்தான். எருசலேமைப் பார்த்து அவர் அழுததை எழுதும்போது லூக்கா 19:41இல் க்ளயோவே வருகிறது. ஆகவே அவர் உரக்க அழ அறியாதவர் அல்லர். கூட்டம் சத்தமிட்டு அழுத வேளையில் சத்தமில்லாத கண்ணீரை அவர் தமக்கென்று எடுத்துக்கொண்டார்.

1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தில் அன்னாளின் காரியமோ என்னைப் போன்ற ஊழியக்காரருக்கு நடுக்கம் தருவது. அவள் கண்ணீரோடு ஜெபிக்கையில் உதடு அசைந்தது, சத்தம் கேட்கப்படவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடித்திருப்பவளென்று நினைத்துக் கடிந்துகொண்டான். உரத்த அழுகையாயிருந்தால் எவருக்கும் விளங்கியிருக்கும். நம் சபையிலும் ஆராதனை முடிந்தபின் பின்வரிசையில் எழாமல் இருப்பவரைச் சோம்பேறி என்றோ, பேச்சுக்கொடுத்தால் முகம் கொடுக்காதவரைப் பெருமைக்காரர் என்றோ சொல்லிவிடுகிறோம். ஏலியிடம் ஒரு நன்மை இருந்தது: அவள் தன் மனக்கிலேசத்தைச் சொன்னபோது அவன் பேச்சை மாற்றி, அவளைச் சமாதானத்தோடே அனுப்பினான்.

அழுகைக் கோச்சியில் வந்தவர்கள் இன்று எழுபதும் எண்பதும் கடந்தவர்கள். அவர்களில் சிலர் நம் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறார்கள். சிலர் கட்டிலோடு இருக்கிறார்கள். வாலிபப் பிள்ளைகளே, இந்த வாரம் உங்கள் பாட்டியருகில் அமர்ந்து, எந்த நிலையத்தில் ஏறினீர்கள், மேடையில் நின்று வழியனுப்பியவர் யார் யார் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயர்களை வீட்டு வேதாகமத்தின் முதல் தாளில் எழுதி, வருகிற ஞாயிறு என்னிடம் கொண்டுவாருங்கள். ஜெபவேளையில் அந்தப் பெயர்களை வாசிப்போம்.