பர்மா நெல்லும் செட்டிநாட்டுப் பணமும்

காரைக்குடியைச் சூழ்ந்த ஊர்களுக்குச் சென்று வந்த மாணவர்கள், அங்குள்ள மாளிகைகளின் பருத்த தேக்குமரத் தூண்களைக் கண்டு வியந்திருப்பார்கள். அத்தூண்களுள் பல, பர்மாவின் காடுகளில் வளர்ந்து, கப்பலேறி, வங்கக் கடலைக் கடந்து வந்தவை. மரம் வந்த வழியே பணமும் வந்தது. அப்பணம் எவ்வாறு ஈட்டப்பட்டது, பின்னர் எவ்வாறு இழக்கப்பட்டது என்னும் கதையை நாம் பெரும்பாலும் ஒரு பக்கமாகவே கேட்டிருக்கிறோம். நம்மவர் சொன்னால், "உழைத்துச் சேர்த்த பொருளைப் பறித்துக்கொண்டார்கள்" என்பார்கள். பர்மியர் சொன்னால், "வட்டிக்குக் கொடுத்தவர்கள் எங்கள் நிலத்தை விழுங்கிவிட்டார்கள்" என்பார்கள். இவ்விரு கூற்றுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே வரலாறு பயில்வோர் செய்யத்தக்கது.

இன்று மியன்மார் என வழங்கும் பர்மாவின் தென்பகுதியை ஆங்கிலேயர் 1852ஆம் ஆண்டில் கைப்பற்றினர். அதற்கு முன் ஆண்ட பர்மிய அரசர்கள் அரிசியை வெளிநாட்டிற்கு அனுப்புவதைத் தடைசெய்திருந்தனர். உள்நாட்டு மக்கள் வயிறு வாடக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. ஆங்கிலேயர் அத்தடையை நீக்கினர். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐரோப்பாவிற்குச் செல்லும் வழி சுருங்கிற்று. அரிசிக்குப் புதிய சந்தைகள் கிடைத்தன. ஐராவதி ஆற்றின் கழிமுகம் அக்காலத்தில் பெரும்பாலும் சதுப்பும் காடுமாகக் கிடந்தது. வடக்கே மழை குறைந்த பகுதிகளில் வாழ்ந்த பர்மியக் குடியானவர்கள் கூட்டங்கூட்டமாகத் தெற்கே வந்து அக்காட்டைத் திருத்தினர். 1850-களின் நடுவில் ஏறத்தாழ 10 இலட்சம் ஏக்கராக இருந்த நெல்வயல், 1930-களில் 1 கோடி ஏக்கரை நெருங்கிற்று. உலகிலேயே மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடு என்னும் பெயரைப் பர்மா பெற்றது.

காட்டை வயலாக்குவது ஓராண்டு வேலையன்று. மரத்தை வெட்டவேண்டும், வேரைக் களையவேண்டும், மாடு வாங்கவேண்டும், முதல் விளைச்சல் வரும்வரை குடும்பம் உண்ணவும் வேண்டும். இதற்கெல்லாம் பணம் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் இரங்கூனில் இருந்தன. ஆனால் சேறு படிந்த காலோடு வரும் உழவனுக்கு அவற்றின் கதவு திறக்கவில்லை. அவன் மொழியை அவை அறியா. அவன் நிலத்தின் மதிப்பையும் அறியா. இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார்.

அவர்களுடைய தொழில் அமைப்பு நுட்பமானது. ஊரில் இருக்கும் முதலாளி, தன் விலாசம் பொறித்த கடையை நடத்த ஒருவரை மூன்றாண்டுத் தவணைக்குப் பர்மாவிற்கு அனுப்புவார். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எனப் படிப்படியாகப் பணியாளர் இருப்பர். சிறுவனாகச் சேர்ந்தவன் கணக்கும் கைந்நாணயமும் கற்றுப் பின்னாளில் மேலாள் ஆவான். சிலர் தனிக்கடையும் வைப்பர். ஒரு கடைக்குப் பணம் தட்டினால் மற்றொரு கடை கொடுத்துதவும். இரங்கூன் கடைக்காரர்கள் கோயிலில் கூடி நடப்பு வட்டி இன்னதென முடிவு செய்வர். வருவாயில் ஒரு பகுதியை மகமையாக எடுத்துவைத்து முருகன் கோயிலுக்கும் அறத்திற்கும் செலவிடுவர். 1930ஆம் ஆண்டளவில் பர்மாவில் அவர்கள் முதலீடு ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது.

ஆனால் ஒன்றைக் கருதவேண்டும். மேலாள் மனைவி மக்களை ஊரில் விட்டுத் தனியே வந்தவர். கடையே அவருக்கு வீடு. கணக்கு தமிழில், உணவு செட்டிநாட்டுச் சமையல், வழிபாடு தம் கோயிலில். உழவனோடு பேசும் அளவிற்குப் பர்மிய மொழியும் கற்றிருப்பார். மூன்றாண்டு முடிந்ததும் கப்பலேறி விடுவார். பணம் அந்த மண்ணில் வேரூன்றியது, மனிதர் ஊன்றவில்லை.

பர்மியர் வாழ்க்கை வேறு வகையினது. சிற்றூர்தோறும் இருந்த புத்த மடங்கள் சிறுவர்க்கு எழுத்தறிவித்தன. பெண்கள் கடைவீதியில் அமர்ந்து தாமே விலைபேசி விற்றனர். சொத்திலும் அவர்களுக்கு உரிமை உண்டு. சாதிக் கட்டு இல்லை. விளைச்சல் மிகுந்த ஆண்டில் மிஞ்சிய பொருளைப் பூட்டிவைப்பதைவிட, மகனுக்குத் துறவுச் சடங்கு செய்வதும், பகோடாவிற்குப் பொன் பூசுவதும், ஊரைக் கூட்டி விருந்திடுவதும் அவர்களுக்குப் பெரும்பேறு. இதனை ஊதாரித்தனம் என்று நம்மவர் சிலர் இகழ்ந்ததுண்டு. நகரத்தார் கோயில் திருப்பணிக்கு வாரி வழங்கியதை நாம் அவ்வாறு சொல்வதில்லை அன்றோ?

இவற்றினும் ஆழமான வேற்றுமை நிலத்தைப் பற்றியது. பர்மிய வழக்கில், காட்டை முதலில் திருத்தியவனுக்கே நிலம் உரியது. இடர்ப்பாட்டில் அவன் அதைக் கைமாற்றினாலும், பணம் கொடுத்து மீட்கும் உரிமை அவனுக்கும் அவன் வழியினர்க்கும் இருந்தது. ஆங்கிலச் சட்டமோ, தவணை தவறினால் அடமானம் வைத்த நிலம் கடன் கொடுத்தவனைச் சேரும் என்றது. ஒரே பத்திரத்தில் இருவர் கையெழுத்திட்டனர். அதன் பொருளை இருவரும் இருவேறாகக் கொண்டனர். நெல்விலை ஏறிக்கொண்டிருந்த வரையில் இந்த வேறுபாடு வெளிப்படவில்லை.

வேலையும் இவ்வாறே இனவாரியாகப் பிரிந்து கிடந்தது. வயலில் பர்மியர், பெரிய அரிசி ஆலைகளும் கப்பல் ஏற்றுமதியும் ஐரோப்பியக் கம்பெனிகளிடம், கடன் நகரத்தாரிடம், துறைமுகத்தில் மூட்டை சுமப்போர் பெரும்பாலும் தெலுங்கர். மேஸ்திரி கொடுத்த முன்பணத்திற்குக் கட்டுப்பட்டு வந்த இத்தொழிலாளர், நெருக்கமான கொட்டகைகளில் தங்கி, அரைவயிறு உண்டு, மிச்சத்தை ஊருக்கு அனுப்பினர். குடும்பத்தோடு வாழும் பர்மியர் அக்கூலிக்கு வேலை செய்வது அரிது. 1931ஆம் ஆண்டுக் கணக்கின்படி இரங்கூன் மக்கள் 4 இலட்சம் பேரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். தம் தலைநகரிலேயே பர்மியர் சிறுபான்மையினராயினர்.

1930ஆம் ஆண்டில் சோதனை வந்தது. மே மாதம் துறைமுகத்துத் தெலுங்கர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் இடத்தில் பர்மியர் அமர்த்தப்பட்டனர். வேலைநிறுத்தம் தீர்ந்து பழைய ஆட்கள் திரும்பியதும் பர்மியர் விலக்கப்பட்டனர். வேலை இழந்தோரும் வேலைக்குத் திரும்பியோரும் துறைமுகத்தில் மோதினர். பூசல் நகரெங்கும் பரவிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரு சாராரும் ஏழைகள் என்பதே இதில் உள்ள துயரம்.

அவ்வாண்டிலேயே உலகப் பொருளாதார மந்தம் பர்மாவைத் தாக்கிற்று. நெல்விலை பாதிக்கும் கீழே சரிந்தது. உழவனால் வட்டியும் கட்ட இயலவில்லை. நகரத்தார் நிலத்தை நாடி வந்தவரல்லர். நிலத்தில் முடங்கிய பணம் வட்டித்தொழிலுக்கு உதவாது என்பதை அவர்கள் நன்கறிவர். பர்மியர் சிலர் வாங்கிய வட்டியை நோக்க அவர்கள் வட்டி குறைவே. எனினும் கடன் திரும்பாதபோது நிலத்தைத் தவிர வேறு வழி இல்லை. கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் 100க்கு 6 பங்காக இருந்த அவர்கள் நிலவுடைமை, 1938க்குள் 100க்கு 25 பங்காயிற்று. காட்டைத் திருத்திய குடும்பம் அதே வயலில் குத்தகைக்காரனாக நின்றது. அக்குடும்பத்தின் கண்ணுக்கு உலகச் சந்தை தெரியவில்லை; எதிரே கடையில் அமர்ந்திருந்த செட்டியாரே தெரிந்தார்.

பின்னர் நிகழ்ந்தவை விரைந்து நிகழ்ந்தன. 1942இல் ஜப்பானியர் படையெடுத்தபோது ஏறத்தாழ 5 இலட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். காடு மலை வழியே நடந்த பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா, அவ்வாண்டே நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. நகரத்தார்க்கு உரிய ஈடு பெரும்பாலும் கைக்கு வரவில்லை. 1962இல் படைத்தலைவர் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964இல் கடைகளும் அரசுடைமையாயின. சிறு வணிகரும் தொழிலாளருமாக இலட்சக்கணக்கானோர் வெறுங்கையோடு தாயகம் திரும்பினர். செல்வர் செய்த வாணிகத்தின் பழியை அவர்களும் சுமந்தனர்.

பர்மாவில் ஆட்சிப் பணி புரிந்த ஃபர்னிவால் என்னும் அறிஞர் இந்நாட்டைக் கண்டு ஒரு கருத்தை உருவாக்கினார். பல இனத்தார் ஒரே ஆட்சியின்கீழ் அடுத்தடுத்து வாழ்ந்தும், வாங்கவும் விற்கவும் மட்டுமே சந்திக்கும் சமுதாயம் அது என்றார். அதனைப் பன்மைச் சமுதாயம் என்பர். அத்தகைய சமுதாயத்தில் விலை ஏறும்போது அனைவரும் நண்பர். விலை வீழ்ந்தால் பொறுத்துக்கொள்ளச் செய்யும் வேறு கட்டு எதுவும் இல்லை. ஒரே ஊரில் சம்பந்தம் செய்தவனுக்கும், திருவிழாவில் தோள் கொடுத்தவனுக்கும், பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிப்பவனுக்கும் கடன்பட்டவன், அவனிடம் தவணை கேட்கலாம், சண்டையும் போடலாம், மறுநாள் பேசவும் செய்யலாம். பேரேட்டில் மட்டும் அறிந்தவனிடம் அவ்வாறு செய்ய இயலுமா? வேற்றுமை இருந்தது கேட்டிற்குக் காரணமன்று. அவ்வேற்றுமையைக் கடந்து பழகுவதற்கு அங்காடியைத் தவிர வேறிடம் அமையாததே காரணம்.

சென்னையில் பாரிமுனைக்கு அருகே பர்மா பஜார் இருக்கிறது. அப்பகுதியில் திரும்பி வந்தோர் தொடங்கிய தள்ளுவண்டிகளில் 'அத்தோ' என்னும் பர்மிய உணவு விற்கிறார்கள். மொழியும் உணவும் பழகி அங்கேயே வேர்விட்ட எளியவர்கள் கொண்டுவந்தது அது. 75 கோடி ரூபாய் திரும்பி வரவில்லை. அந்தச் சுவை வந்தது. நம் ஊருக்கு வேலை தேடி வரும் பிற மாநிலத்தவரை இன்று நாம் எங்கெங்கே சந்திக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். கடையிலும் கட்டட வேலையிலும் மட்டுமா, வேறெங்கேனுமா? இக்கேள்விக்கு விடை காணத் தொடங்கும் மாணவர், பர்மாவின் வரலாற்றைப் படித்துப் பயன் கொண்டவராவர்.