நுரையீரல் புற்றுநோயும் மனச்சோர்வும்: பழி யார் மேல்?

நளனைப் பிடித்த சனி விலகிய தலம் திருநள்ளாறு என்பது ஐதீகம். வியாபார நஷ்டம் முதல் தீராத வியாதி வரை எல்லாவற்றுக்கும் நள தீர்த்தத்தில் முழுகி எழுகிறார்கள். சனி பிடித்தது என்று சொல்லும்போது பழி பெரும்பாலும் கிரகத்தின் மேல் போகிறது (நளன் காலைச் சரியாகக் கழுவவில்லை என்று கதை சொன்னாலும்கூட!). நவீன மனோதத்துவமோ ஒரு காலத்தில் பழியை நோயாளியின் மனசு மேலேயே போட்டது.

1950-ல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் இருவரும் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து, 1962-ல், டேவிட் கிஸ்ஸன் என்ற டாக்டரும் பிரபல மனோதத்துவ நிபுணர் ஹான்ஸ் ஐசென்க்கும் அந்த நோயாளிகளின் குணத்தை ஆராய்ந்து எழுதினார்கள். உணர்ச்சியை உள்ளேயே அடக்குகிறவர்களுக்கு இந்த நோய் வருகிறதாம். 1980-களில் ஐசென்க் இன்னும் ஒரு படி மேலே போனார். ரொனால்ட் கிரோசார்ட்-மாட்டிசெக் என்பவரோடு சேர்ந்து, புகைப்பதைவிட மனசின் அமைப்புதான் பெரிய ஆபத்து என்று புள்ளிவிவரங்களை அடுக்கினார். சிகரெட் கம்பெனிகளின் பணம் அவருக்குப் போனது பிறகு வெளிவந்தது. அவர் இறந்தது 1997-ல். அவர் வேலை பார்த்த லண்டன் கிங்ஸ் கல்லூரி 2019-ல் விசாரணை நடத்தி, இருவரும் எழுதிய 26 கட்டுரைகள் நம்பத் தகாதவை என்றது. ரொம்பத் தாமதம்!

அப்படியானால் மனசுக்கும் ஆயுளுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறு மாதிரி. மனச்சோர்வு உள்ள நோயாளிகள் சராசரியாகக் குறைவான காலமே வாழ்கிறார்கள் என்று பல ஆய்வுகளில் தெரிகிறது. சோர்ந்தவருக்குச் சாப்பாடு இறங்காது. பயந்தவருக்குத் தூக்கம் வராது. காரைக்காலிலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்குச் சுமார் 130 கிலோமீட்டர். மனசு விட்டுப்போனவர் ஒரு கீமோ தேதியைத் தவறவிட அந்தத் தூரமே போதும். தலைகீழாகவும் நடக்கும். நோய் முற்றி மூச்சு வாங்குவதாலேயே சோர்வு வருகிறது. எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கஷ்டம்.

2010-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜெனிஃபர் டெமெலின் குழு, நோய் பரவிய 151 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் ஒரு சோதனை செய்து வெளியிட்டது. ஒரு பாதிப் பேருக்கு ஆரம்பத்திலிருந்தே வலி, மூச்சுத்திணறல், கவலை எல்லாவற்றையும் கவனிக்கும் ஆதரவு சிகிச்சை சேர்த்துத் தரப்பட்டது. அவர்களில் 16 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அறிகுறி. மற்றவர்களில் 38 சதவீதம். சராசரி ஆயுளும் 8.9 மாதத்திலிருந்து 11.6 மாதமானது. ஆனால் 2012-ல் அதே கணக்கைத் திரும்பப் பார்த்தபோது, மனச்சோர்வு குறைந்ததால்தான் ஆயுள் கூடியது என்று காட்ட முடியவில்லை!

ஆகவே "தைரியமா இருந்தா சரியாயிடும் மாமா" என்று கட்டில் பக்கத்தில் நின்று சொல்வதற்கு ஆதாரம் போதாது. சாப்பாடு இறங்குகிறதா, ராத்திரி தூங்கினாரா, அடுத்த தேதிக்குக் கூட யார் போகிறார்கள் என்று கேட்கலாம்.