பெருமாள் கோயில் தெருவில் ஒரு பகுத்தறிவு இல்லம்

திருவரங்கத்துக் கோயிலுக்கு ஏழு மதில்கள். 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட இராசகோபுரத்தின் உயரம் 236 அடி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சுந்தரபாண்டியன் அங்கே பொன் வேய்ந்தான் என்று வரலாறு கூறுகிறது. அந்தக் கல்லைச் செதுக்கிய கைகள் தமிழன் கைகள். அத்திறனை நாம் பழிப்பதில்லை. ஆனால், தமிழர் போற்றிக் காக்கவேண்டிய கட்டடம் யாது எனக் கேட்டால், நாம் சுட்டுவது வேறோர் ஊரில், கோபுரமற்ற ஒரு வீட்டை!

திருச்சிராப்பள்ளி இளைஞனுக்கு அந்த வீட்டின் உறவு புதிதன்று. 1982-இல் அந்நகரில் தோன்றிய பல்கலைக்கழகம் பாரதிதாசன் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆண்டுதோறும் ஆயிரமாயிரம் பேர் அப்பெயர் பொறித்த பட்டம் பெறுகின்றனர். பெயரைப் பெற்றோம், பெயருக்குரியவர் வாழ்ந்த இல்லத்தை அறிந்தோமா?

புதுச்சேரி, பெருமாள் கோயில் தெரு, 95-ஆம் எண். தெருவுக்குப் பெருமாள் பெயர். வீட்டிலோ பகுத்தறிவுப் பாவலர்! 1891-இல் பிறந்த கனக சுப்புரத்தினம், 1909 முதல் 37 ஆண்டுகள் பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். 1945-இல் அந்த வீட்டை வாங்கினார். மறு ஆண்டே அண்ணாவின் முயற்சியால் சென்னையில் விழா எடுத்து, 25,000 ரூபாய் பொற்கிழி அளித்தனர் தமிழர். அரசன் பொன் கோயிலுக்குப் போயிற்று. மக்கள் பொருள் கவிஞனைத் தேடி வந்தது. இதுவன்றோ மறுமலர்ச்சி!

1964 ஏப்ரல் 21-இல் பாவேந்தர் மறைந்தார். 1971-இல் அவ்வில்லம் அரசுடைமையாயிற்று. நினைவு நூலகமும் காட்சிக்கூடமும் அங்கே அமைந்தன. அடுப்பெரிந்த வீட்டில் அறிவு விளக்கு ஏற்றப்பட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. திருவரங்கத்தில் இராமாநுசரின் திருமேனியே காக்கப்படுகிறது என்பது வைணவ மரபு. கோபுரத்தின்மீது ஏறி நின்று, மறைபொருளை எல்லோரும் கேட்க உரைத்தவர் என்றும் அதே மரபு அவரைப் புகழ்கிறது. இன்று அவர் உருவுக்கு மாலை உண்டு, வழிபாடு உண்டு. எல்லோர்க்கும் என்றாரே, அந்தச் சொல்லுக்கு என்ன நேர்ந்தது? கருவறைக்குள் எல்லோரும் நுழைந்தனரா? உருவைப் பிடித்துக்கொண்டு கருத்தைக் கைவிடுவது எளிது, மிக எளிது!

நமது தலைவர்க்கும் கவிஞர்க்கும் அந்த நிலை நேரக்கூடாது. வெறும் காட்சிக்கூடம் எனில், கண்ணாடிக்குப் பின்னிருக்கும் பொருளைக் கண்டு கைகூப்பித் திரும்பிவிடுவர். நூலகமோ அவ்வாறன்று. அங்கே சென்றவன் படிப்பான், ஐயுறுவான், வினவுவான். தொடக்கத்தில் மயிலம் முருகனைத் துதித்துப் பாடிய அதே கவிஞர், பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தால் மாறி, சாதியையும் மடமையையும் சாடினார் என்பதை நூல்களின் வழியே காண்பான். தெய்வம் மாறுவதில்லை என்பர், மனிதன் மாறுவான். அந்த மாற்றத்தை மறைக்காமல் காட்டுவதே வரலாறு. துதி நூலையும் புரட்சி நூலையும் ஒரே அலமாரியில் வைக்கும் துணிவு நூலகத்திற்கு உண்டு, கோயிலுக்கு இல்லை.

பாவேந்தர் விரும்பியதும் இதுவே. ‘புத்தகசாலை’ என்ற பாட்டில், நான்கைந்து தெருக்களுக்கு ஒன்றாக, வசதியான வீடு நூல்களுக்கு வேண்டும் எனக் கேட்டார். தமக்குச் சிலை கேட்கவில்லை. நூலுக்கு வீடு கேட்டார். அவர் கேட்டவற்றுள் ஒன்று அவரது சொந்த வீடாகவே வாய்த்தது. மற்றவை எங்கே?

திருச்சி உறையூரிலும், தில்லைநகரிலும், ஏன், அரங்கன் மதில்களுக்கு உள்ளேயே இருக்கும் தெருக்களிலும் கணக்கெடுங்கள், தோழர்களே! நான்கைந்து தெருக்களுக்கு எத்தனை கோயில்? எத்தனை படிப்பகம்? பாவேந்தர் பிறந்தநாளாகிய ஏப்ரல் 29-இல் அவர் படத்திற்கு மாலையிடுமுன், ஒரு திண்ணையைக் கேட்டுப் பெறுங்கள். நூறு நூல்களைத் திரட்டுங்கள். கதவைத் திறந்து வையுங்கள். சாதி கேட்காத கதவாக அது இருக்கட்டும். புதுச்சேரி வீட்டைக் காப்பது அரசின் கடமை. அதுபோல் ஒன்றை நம் தெருவில் தோற்றுவிப்பது நம் கடமை!